ஓரத்து இருக்கை

பிப்ரவரி 2, திங்கள்

சொல் பிறக்குமுன் நின்றவனே, சொல் அடங்கிய பின்னும் நிற்பவனே, இந்தப் புதிய ஏட்டின் முதற்பக்கத்தை உன் திருவடியில் வைத்துத் தொடங்குகிறேன். கை எழுதுவதைக் கண் சரிவரக் காணாத பருவம் இது. வரி கோணினால் பொறுத்தருள்க. பொய் புகுந்தால் பொறுக்க வேண்டா.

காலையில் துதிப்பாடல் உரைநூல் ஒன்றின் மெய்ப்புப் பார்த்தோம். வழக்கம்போல் என் மனைவி மூலப்படியை உரக்க வாசிக்க, நான் பூதக்கண்ணாடியும் சிவப்புப் பேனாவுமாக அச்சுப்படியைத் திருத்தினேன். நிறுத்தக்குறிகளையும் அவள் வாயால் சொல்வாள். காற்புள்ளி என்றால் ‘கால்’, முற்றுப்புள்ளி என்றால் ‘முற்று’, வரி உடைந்தால் ‘பத்தி’. அச்சகத்தில் இருவரும் எதிரெதிரே அமர்ந்து வேலை செய்த நாள்முதல் இதுவே எங்கள் முறை. வேலையை விட்டு வந்த பின்னும் பதிப்பகத்தார் தாள்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். கண்புரை முற்றியிருப்பதால் தொலைவில் உள்ளது எதுவும் எனக்குத் துலங்குவதில்லை. கைக்கெட்டும் தூரத்தில் எழுத்து மட்டும் இன்னும் எழுத்தாக இருக்கிறது. மார்ச்சு மாதத்தில் அறுவை.

மதியம் மைத்துனர் வந்தார். நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றபின் திரைப்படச் சங்கம் ஒன்றில் சேர்ந்து, பிறர் பார்க்காத படங்களைப் பார்ப்பதே தொழிலாகத் திரிகிறார். கையில் ஒரு துண்டறிக்கை. அக்காவிடம் நீட்டினார். அவள் பழக்கதோஷத்தில் உரக்கவே வாசித்தாள்.

“குளிர் நாட்டு நகரம் ஒன்றில் ஒரு காலை, கால், ஒரு பெண் பேசுவதை நிறுத்திவிடுகிறாள், முற்று.”

“நோட்டீசுக்குமாக்கா முற்று?” என்று சிரித்தார் மைத்துனர்.

அவள் சிரிக்கவில்லை. மீதியை மனத்துக்குள் வாசித்தாள். தாளை நான்காக மடித்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தாள்.

“இதுக்குப் போகணும்,” என்றாள். “ரெண்டு பேரும்.”

நான் உடனே ஒன்றும் சொல்லவில்லை. பிறகும் சொல்லவில்லை.


பிப்ரவரி 3, செவ்வாய்

நேற்று ஏன் வாய் திறக்கவில்லை என்பதை எனக்கே தெளிவாக்கிக்கொள்ள எழுதுகிறேன்.

மூன்றாண்டுகளுக்கு முன் என் மனைவி பேசுவதை நிறுத்தினாள். சண்டையில்லை, இழவில்லை, காய்ச்சலில்லை. ஒரு காலை மூலப்படியை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தவள் வாசிக்கவில்லை. அப்புறம் அந்த நாற்காலியிலிருந்தே எழவில்லை என்று சொல்லலாம். எழுப்பினால் எழுவாள், ஊட்டினால் விழுங்குவாள். கண் திறந்திருக்கும். பார்வை சுவரில் இருக்கும்.

எங்கள் வழிபாட்டு மன்றத்தார் அதை மௌன நோன்பு என்று கொண்டார்கள். சொல்லற்ற நிலை எய்திவிட்டாள் என்று வீடு தேடி வந்து எதிரே அமர்ந்து, கும்பிட்டுப் போனார்கள். ‘மௌனம்மா’ என்று பெயரும் இட்டார்கள். முதல் சில வாரங்கள் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன் என்பது குடும்பம் அறிந்த செய்தி; ஆண்டுக்கு இருமுறையேனும் அதை எடுத்துக்காட்ட மைத்துனர் தவறுவதில்லை. நூல்களில் ஊறியவனுக்கு நோயும் நூலாகத்தான் தெரியும்போலும். அவளை மருத்துவரிடம் அழைத்துச் சென்றவர் அவர்தான்.

மாத்திரை, மருத்துவர், காலம். ஒருநாள் காலையில் “தண்ணி சூடா இருக்கு” என்றாள். அன்றிலிருந்து மெல்ல மெல்லப் பேச்சு திரும்பியது. இப்போது என்னைவிடக் கூடுதலாகவே பேசுகிறாள்.

ஆனாலும் அன்றுமுதல் நான் வாயிற்காவலன். நாளிதழ் முதலில் என் கைக்குத்தான் வரும். பூதக்கண்ணாடியை வைத்துச் சாவுச் செய்தி இருக்கும் பக்கங்களைத் தேடிப் பிரித்து மெத்தைக்கு அடியில் வைத்துவிடுவேன். மாலை வழிபாட்டில் உவகைப் பாடல்களையே தேர்ந்து பாடுவேன். இறைவன் கைவிட்டான் என்று புலம்பும் பாடல்கள் எங்கள் வீட்டில் ஒலித்து நெடுநாளாயிற்று. சென்ற மாதம் பதிப்பகத்தார் கையறுநிலைப் பாடல்களின் தொகுப்பு ஒன்றை அனுப்பினார்கள். இறந்தவரை நினைந்து கை ஒடிந்தாற்போல் நின்ற புலவர்களின் பாட்டு. கட்டைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினேன். கண் சரியில்லை என்று காரணம் எழுதினேன்.

இத்தனை கதவையும் அடைத்து வைத்திருக்கிறேன். அவள் மூன்று மணி நேரப் படம் ஒன்றைச் சன்னல் வழியே உள்ளே அழைக்கிறாள். அதிலும் இந்தப் படத்தை.


பிப்ரவரி 5, வியாழன்

மகள் தொலைபேசியில் அழைத்தாள். மாமன் வழியாகச் செய்தி அவளுக்குப் போய்விட்டது.

“எதுக்குப்பா இந்த வம்பு? ஊர்ல வேற படமே இல்லையா? சிரிக்கிற மாதிரி ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போங்க.”

“அதையேதான் நானும் நினைக்கிறேன்.”

“அம்மா ஒழுங்கா சாப்பிடறாங்களா? தூங்கறாங்களா? மாத்திரை எல்லாம்—”

என் மனைவி கூடத்தைக் கடந்து வந்து என் கையிலிருந்து கைபேசியை வாங்கினாள்.

“அம்மா இங்கதான் இருக்கேன். என்னைப் பத்தி என்கிட்டயே கேளு. சாப்பிட்டேன். தூங்கினேன். உங்கப்பாதான் சரியா தூங்கறதில்ல, ராத்திரி நாலு தடவை எழுந்து நான் மூச்சு விடறேனான்னு பாக்கறார். சரி, வெச்சிடறேன், அடுப்புல பால் இருக்கு.”

அடுப்பில் பால் இல்லை.

இரவில் நான் எழும்போதெல்லாம் அவள் உறங்கிக்கொண்டிருக்கிறாள் என்றுதான் எண்ணியிருந்தேன்.


பிப்ரவரி 7, சனி

இருள் சூழ்ந்த ஒரு கதையை வேண்டுமென்றே சென்று காண்பது தகுமா என்று நாளெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

தகாது என்பதற்கு ஆயிரம் காரணம் கிடைத்தன. உள்ளம் எதில் தங்குகிறதோ அதன் நிறத்தைக் கொள்ளும். நோயுற்ற மனம் ஈரச் சுவர் போன்றது. வழிபாட்டுக்கென்று வைத்திருக்கும் பொழுதில் முக்கால் பங்கை யாரோ ஒரு பெண் சுவரைப் பார்ப்பதைப் பார்ப்பதற்குக் கொடுப்பானேன்?

எல்லாம் எழுதி முடித்தபின் என் பக்கத்து வாதம் எனக்கே இடிக்கிறது. முன்னோர் மெய்ப்பாடு எட்டென்று வகுத்தபோது நகைக்கு அடுத்து அழுகையை வைத்தார்கள், ஓரத்தில் தள்ளவில்லை. நிலத்தை ஐந்திணையாகப் பாடியவர்கள் பாலை கொடிது என்பதற்காக நான்கோடு நிறுத்திக்கொள்ளவில்லை. சொல்லப்போனால் பாலையைத்தான் அதிகம் பாடினார்கள். அழிவையும் பிரிவையும் பாடியவர்களை ஒருவரும் குற்றம் சொல்லவில்லை. நானே இத்தனை ஆண்டும் அவற்றுக்குப் புள்ளி வைத்தும் ஒற்று இட்டும் பிழைத்திருக்கிறேன்.

அது பாட்டு, இது படம் என்று ஒரு விடை தோன்றுகிறது. அது விடையில்லை என்றும் தெரிகிறது.

படத்தின் பெயர் ஒரு மாதத்தின் பெயராம். அந்த நாட்டில் வெயிலே வராத மாதம்.


பிப்ரவரி 9, திங்கள்

போவதில்லை என்று முடிவு செய்தேன். நேரே சொல்ல வாய் வரவில்லை. மைத்துனரைத் தெருமுனைத் தேநீர்க்கடைக்கு வரச்சொல்லி, டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று அக்காவிடம் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அத்தான், எங்க சங்கத்துப் படத்துக்கு டிக்கெட் தீர்ந்துபோச்சுன்னு சொன்னா இந்த உலகத்துல யாராவது நம்புவாங்களா? போன மாசம் மொத்தம் ஒன்பது பேர். அதுல ஒருத்தர் புரொஜெக்டர் ஓட்டறவர். இன்னொருத்தர் ஏசிக்காக வந்தவர்.”

“வேறு ஏதேனும் சொல்லுங்கள்.”

“படம் எப்படின்னு கேட்டா சொல்றேன். மூணு மணி நேரம், ஒண்ணும் நடக்காது. அதுதான் படமே. அக்காவுக்கு அலுத்துப்போய் அரை மணியில எழுந்துடும். எதுக்கு இவ்வளவு பயம்?”

“அலுக்கவில்லை என்றால்?”

அவர் எழுந்தார். தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டு, “முயற்சி பண்றேன். ஆனா எனக்குப் பொய் வராது, உங்களுக்கே தெரியும்,” என்று போனார்.

எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன்.


பிப்ரவரி 10, செவ்வாய்

அவருக்குப் பொய் வரவில்லை.

காலையில் மூலப்படியை எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்தாள். வாசிக்கவில்லை. நான் பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். சுவரில் நாட்காட்டி தொங்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே நாற்காலி. அதே சுவர். ஐயோ, என்னத்தச் செய்துட்டேன்— போவோம் என்று சொல்லியிருந்தாலும் குற்றம், சொல்லாததும் குற்றம், என்னை யார் நடுவில் நின்று கணக்குப் பார்க்கச் சொன்னது—

“பயப்படாதீங்க,” என்றாள், சுவரைவிட்டுப் பார்வையை எடுக்காமலே. “கோபத்துல பேசாம இருக்கேன். அது வேற, இது வேற.”

எனக்கு மூச்சு வந்தது.

“உங்களுக்கு வித்தியாசம் தெரியலைல்ல,” என்றாள் சிறிது நேரங்கழித்து.

தெரியவில்லை என்றேன்.

“அதுக்குத்தான் அந்தப் படத்துக்குப் போகணும்னு சொன்னேன். நான் பாக்கறதுக்கில்ல. எனக்கென்ன, நான் அதுக்குள்ளயே குடியிருந்தவ. நீங்க பாக்கணும்.” பிறகு, “மெத்தைக்கடியில பேப்பர் சேந்து சேந்து முதுகு வலிக்குது. அதையும் எடுங்க,” என்றாள்.

மூலப்படியை விரித்து, விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். கோபம் தீராததால் நிறுத்தக்குறிகளை மட்டும் உரக்கச் சொன்னாள்.


பிப்ரவரி 12, வியாழன்

மருத்துவர் அம்மையாரிடம் சென்று வந்தோம். மூன்று மாதத்துக்கொருமுறை செல்லும் நாள்தான். என் ஐயங்களை வரிசைப்படுத்திச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டு, என்னிடம் ஒன்றும் சொல்லாமல் அவள் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா பாக்கணும்னு தோணுது?”

“நான் எப்படி இருந்தேன்னு இவருக்குச் சொல்லிப் பாத்தேன் டாக்டர். சொல்ல வரல. யாரோ சொல்லி வெச்சிருக்காங்கன்னு நோட்டீசுல போட்டிருக்கு.”

“நடுவுல கஷ்டமா இருந்தா?”

“எழுந்து வந்துடுவேன்.”

“அப்போ போங்க.” என்னைப் பார்த்தார். “ஐயா, நான் மாத்திரைதான் எழுதித் தர முடியும், சினிமா எழுதித் தர முடியாது. பாத்தா ஒண்ணும் ஆகாதுன்னு சத்தியமும் பண்ண மாட்டேன். கொஞ்ச நாள் தூக்கமும் சாப்பாடும் எப்படின்னு கவனிங்க, மாறினா உடனே வாங்க. வழியை ஒட்டி ஓரத்து சீட்டா வாங்கிக்கோங்க, எழுந்து வரச் சுலபமா இருக்கும். அவங்க ஓரத்துல உக்காரட்டும்.”

வேதம் முழுதும் தேடியும் எனக்குக் கிடைக்காத விடை. ஓரத்து இருக்கை.


பிப்ரவரி 13, வெள்ளி

மெத்தைக்கு அடியிலிருந்து தாள்களை எடுத்துப் பழைய தாள் வாங்குபவரிடம் போட்டேன். எடை பார்த்தவர், “ஒரே சாவுச் செய்தியா இருக்கே சார்,” என்றார்.


பிப்ரவரி 15, ஞாயிறு

மதியக் காட்சி. நூலகக் கட்டடத்தின் மாடியில் நாற்காலி போட்ட கூடம். வந்திருந்தவர்களை எண்ண மைத்துனருக்கு ஒரு கை விரலும் அடுத்த கையில் இரண்டும் போதுமானதாக இருந்தன. கடைசி வரிசையில் வழியை ஒட்டி அவள், அடுத்து நான், எனக்கப்பால் அவர். விளக்கு அணையுமுன் அவர் என்னிடம் குனிந்து, “ஒளிப்பதிவைக் கவனிங்க அத்தான், அற்புதமா இருக்கும்,” என்றார். அணைந்த சிறிது நேரத்தில் உறங்கிவிட்டார்.

திரை எனக்கு ஒரு வெளிறிய சதுரம். அதில் கருமையாக ஒன்று. பேச்சு வேற்று மொழி. அடியில் எழுத்து ஓடுகிறது என்று மட்டும் தெரிந்தது. இப்படி ஆகும் என்பதை எங்கள் மூவரில் ஒருவரும் முன்கூட்டி எண்ணவில்லை. கண் தெரியாதவனைப் படம் பார்க்க அழைத்து வந்திருக்கிறார்கள்.

“தெரியுதா?” என்றாள்.

“இல்லை.”

சிறிது தயங்கினாள். பிறகு என் செவியருகே சாய்ந்து வாசிக்கத் தொடங்கினாள்.

“சாப்பிட்டாயா, வினாக்குறி. உன்னைத்தான் கேட்கிறேன், முற்று.”

பின்னாலிருந்து படம் ஓட்டுபவர் சிரித்தது கேட்டது. முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பி, “அம்மா, கொஞ்சம் அமைதியா இருங்க, படம் பாக்க வந்திருக்கோம்,” என்றார். அவள் குரலைத் தாழ்த்தினாள். குறிகளையும் விட்டுவிட்டாள்.

பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. எங்கோ நீர் சொட்டும் ஓசை. ஒரு வானொலி.

“என்ன நடக்கிறது?”

“ஒண்ணும் நடக்கல.”

“இப்போது?”

“இன்னும் ஒண்ணும் நடக்கல. நாற்காலியில உக்காந்திருக்கா. சுவர்ல வெளிச்சம் நகருது. அவ்வளவுதான்.”

அவள் நிறுத்திவிடுவாள் என்று எண்ணினேன். நிறுத்தவில்லை. எழுத்து ஓடாத இடத்திலும் வாசித்துக்கொண்டே போனாள், அங்கே வாசிக்க ஏதோ இருந்தாற்போல.

“புருஷன் தட்டைக் கொண்டு வந்து வைக்கிறான். அவ பாக்கல. இல்ல, பாக்கறா. தட்டை இல்ல, அவன் கையைப் பாக்கறா.”

“எதற்கு?”

“நடுங்குதில்ல, அதுக்கு. இவனுக்கும் முடியல போலிருக்கேன்னு நினைக்கறா.”

“அப்படி எழுதியிருக்கிறதா?”

“எழுதல.”

வானொலி உரக்க ஒலித்தது. அந்த வீட்டில் அது எந்நேரமும் பாடிக்கொண்டிருந்தது. வீடு அமைதியாக இருப்பதை அவனால் தாங்க முடியவில்லை என்றாள்.

“அவள் ஏன் ஒரு சொல் சொல்லக்கூடாது? அவன் படும் பாட்டைப் பார்க்கிறாள் அல்லவா?”

இதை நான் சற்று உரக்கக் கேட்டுவிட்டேன்.

“சொல் இருக்கு,” என்றாள். “தொண்டையில இல்ல, ரொம்ப உள்ள, ஒரு அறையில. அங்கிருந்து தூக்கிட்டு வர தெம்பில்ல. ஒரு சொல்லைத் தூக்கறது ஒரு குடம் தண்ணி தூக்கற மாதிரி. நாலு அடி வெச்சதும் கீழ வெச்சிடறா. அப்புறம் எங்க வெச்சோம்னே தெரியல.”

நான் அவள் பக்கம் இன்னும் சாய்ந்தேன்.

“அழல அவ. சோகமும் இல்ல. சோகம் இருந்தா நல்லா இருக்குமேன்னு இருக்கும்.” சற்றுப் பொறுத்து, “இவளை யாரும் கும்பிடல. என்னைக் கும்பிட்டாங்க,” என்றாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று அஞ்சிக் கையைப் பிடித்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

முன்வரிசைக்காரர் மறுபடி திரும்பினார். இம்முறை தம் நாற்காலியை எங்கள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, “கொஞ்சம் சத்தமாவே சொல்லுங்கம்மா,” என்றார். “எனக்கும் புரியல.”

இறுதியில் அந்தப் பெண் எழுந்தாளாம். எழுந்து, வானொலியை அணைத்துவிட்டு, மறுபடி வந்து அமர்ந்தாளாம். அதோடு முடிந்தது.

“இது என்ன முடிவு?” என்றார் முன்வரிசைக்காரர்.

“எழுந்தாளே,” என்றாள் என் மனைவி.

விளக்கு ஏறியதும் மைத்துனர் விழித்து, “எப்படி, எடிட்டிங்?” என்று கேட்டார்.

வழியோர இருக்கையில் அமர்ந்திருந்தவள் ஒருமுறையும் எழவில்லை. நடுவில் அமர்ந்திருந்த எனக்குத்தான் இருமுறை எழுந்து போய்விட்டால் என்ன என்று தோன்றியது. அவள் முழங்காலைத் தாண்டிப் போகவேண்டும், அதனால் போகவில்லை.


பிப்ரவரி 16, திங்கள்

நேற்று எழுதாமல் விட்டது.

பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். மைத்துனர் வேறு பேருந்தில் போய்விட்டார். வெயில் இன்னும் இருந்தது. அவள் அமர்ந்திருந்த அந்த நாட்களில் மாலைதோறும் அவள் எதிரே அமர்ந்து நான் பாடுவதுண்டு. மன்றத்தில் பாடுவதைவிட மனங்கரைந்து பாடினேன். அந்தப் பாடல்களே அவளை மீட்டுக் கொண்டுவந்தன என்ற எண்ணம் எனக்கு உள்ளூர இருந்தது. ஒருவரிடமும் சொன்னதில்லை.

“அவன் வானொலி வைத்தான். நான் பாடினேன்,” என்றேன். “அதுவும் உனக்கு இரைச்சலாகத்தான் இருந்ததா?”

“இரைச்சல்னு இல்ல.” யோசித்தாள். “பாட்டு என்கிட்ட வந்து சேரல. பொருளும் சேரல. தப்பா எடுத்துக்காதீங்க.”

“இல்லை.”

“அடிக்கு நடுவுல மூச்சு வாங்குவீங்களே, அது கேட்டுச்சு. அது மட்டும் கேட்டுச்சு. ஒரு அடி முடிஞ்சு அடுத்த அடி எடுக்கறதுக்கு முன்னால, புஸ்ஸுன்னு. ஆள் இருக்காரு, போயிடலன்னு தெரியும். அடுத்த மூச்சுக்குக் காத்துட்டு இருப்பேன்.”

பேருந்து வந்தது. ஏறினோம். ஒருவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். அதை அவளுக்குக் கொடுத்தேன்.


பிப்ரவரி 17, செவ்வாய்

நன்றாக உறங்கினாள். இருவேளையும் உண்டாள்.


பிப்ரவரி 18, புதன்

உறங்கினாள். உண்டாள். மகளோடு பேசுகையில் படத்தின் கதையைச் சொன்னாள். சொல்லி முடிக்கப் படத்தைவிட நேரமாயிற்று.


பிப்ரவரி 20, வெள்ளி

காலையில் எழாமல் கிடந்தாள். அழைத்தேன், விடையில்லை. மருத்துவரின் எண்ணைத் தேடுகையில் கைபேசி நழுவிக் கட்டிலுக்கடியில் போய்விட்டது. தரையில் படுத்துக் கையால் துழாவிக்கொண்டிருந்தேன்.

“என்ன தேடறீங்க?” என்றாள் மேலிருந்து.

“ஏன் பேசவில்லை?”

“தூங்கினேன். எழுபது வயசுக்காரி ஒருநாள் நேரங்கழிச்சுத் தூங்கக்கூடாதா?”

தரையிலிருந்து எழ என்னால் முடியவில்லை. அவள் இறங்கி வந்து தூக்கிவிட வேண்டியதாயிற்று.


பிப்ரவரி 21, சனி

அவளுக்கு ஒரு குறையுமில்லை. எனக்குத்தான் மாலையில் பாட வரவில்லை. திருமுன் அமர்ந்து முதலடியை எடுத்தேன். மூச்சு வாங்கும் இடம் வந்ததும் நின்றுவிட்டேன். அங்கே அவள் நின்றிருந்தாள், அத்தனை மாதமும். நான் அதைக் கடந்து கடந்து அடுத்த அடிக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

“தொண்டை கட்டிக்கிச்சா?” என்றாள்.

“இல்லை.”

“அப்போ சும்மா உக்காருங்க. நானும் உக்காரறேன்.”

பாட்டில்லாமல் அமர்ந்திருந்தோம். வழிபாடு நிறைவேறியது என்றே கொள்கிறேன்.


பிப்ரவரி 23, திங்கள்

மன்றத்தின் செயலர் வழியில் கண்டு, “மௌனம்மா நலமா?” என்றார். அவள் நோயுற்றிருந்தாள், இப்போது நலம் என்றேன். மூன்றாண்டில் இதை அவரிடம் சொல்வது இதுவே முதல்முறை என்று அப்போதுதான் உறைத்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை. “நீங்க அடக்கமா சொல்றீங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படியே பதிப்பகத்துக்குச் சென்று, திருப்பி அனுப்பிய கையறுநிலைத் தொகுப்பு எவரிடம் இருக்கிறது என்று கேட்டேன். ஒருவரும் எடுக்காமல் அலமாரியிலேயே இருந்தது. “கண்ணு சரியாயிடுச்சா ஐயா?” என்றார் மேலாளர். இல்லை என்று சொல்லிக் கட்டை வாங்கி வந்தேன்.


பிப்ரவரி 26, வியாழன்

காலை. சன்னலருகே மேசையை நகர்த்திப் போட்டிருக்கிறோம். அவள் நாற்காலி இப்போது சுவரைப் பார்க்கவில்லை. அதைத் திருப்பிப் போட்டவள் அவள்தான், வெளிச்சம் போதவில்லை என்று.

கட்டைப் பிரித்துக் கொடுத்தேன். பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள்.

“எல்லாமே ஒப்பாரியா?”

“எல்லாமே.”

“இதையா திருப்பி அனுப்பினீங்க? வந்ததும் திரும்பிப் போனதும் எனக்குத் தெரியும். உறையில முகவரியை எழுதச் சொன்னதே என்னைத்தான்.”

அதை நான் மறந்தே போயிருந்தேன்.

அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினாள். தலைவனை இழந்த ஊரில் யாழ் தொங்கும் ஆணியைப் பற்றிய பாட்டு. கால். அடுத்த அடி. கால். குரல் தெளிவாக இருந்தது, நடுக்கமில்லை, அவசரமில்லை. நான் பேனா முனையை வரியின் அடியில் நகர்த்திக்கொண்டே வந்தேன். மூன்றாம் பாட்டின் நடுவில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னேன்.

“பிழையா?” என்றாள்.

“இல்லை. மூச்சு.”

அவள் மூலப்படியில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் மூச்சு வாங்கி முடித்த பின்னரே அடுத்த அடியை எடுத்தாள்.

இந்த ஏட்டை என்றேனும் எவரேனும் பிரித்துப் படித்தால், படிப்பவரும் அவர் இல்லத்தாரும் நீடு வாழ்க. அவர்கள் வீட்டில் பேச்சு குறையாதிருக்கட்டும். எவர்க்கேனும் ஒருநாள் சொல் தொலைவில் போய்விட்டால், அது திரும்பி வரும்வரை, பாடினாலும் பாடாவிட்டாலும், எதிரே அமர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் ஒருவரை இறைவன் அவர்க்குத் தந்தருள்க.